அனுப்புநர் பெயர்

குட்ருன் கோப்பைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். கோப்பையின் வாய்க்குள் ஒரு காகித உருண்டை, காதுக்கு ஒரு சுற்று, பிறகு உடம்புக்கு இரண்டு சுற்று. ஆறாத புண்ணுக்குக் கட்டுப் போட்ட அதே விரல்கள். ஜெர்மனியின் எஸ்லிங்கன் நகரத்தில் நாற்பத்தொரு வருஷம் நர்ஸாக வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்தவள். அவள் அனுப்பிய பெட்டியில் ஒரு சாமான் உடைந்ததாக இதுவரை புகார் வந்ததில்லை.

பொன் விளிம்பு வைத்த ஆறு கோப்பைகளும் மூன்றாம் மாடி ஒட்டிலியே ராபெனாவ் அம்மாளுடையவை. ஆனால் அனுப்புநர் என்ற இடத்தில் குட்ருன் பெயர்தான் போகும். அப்படித்தான் பேச்சு.

இது அவள் ஓய்வு பெற்ற வருஷம் தொடங்கியது. தன் பழைய பனிக்கால பூட்ஸைக் கைபேசியில் படம் பிடித்து, பழைய சாமான் விற்கும் இணையதளத்தில் போட்டாள். இரண்டே நாளில் விலை போயிற்று. கீழ்வீட்டு வெண்டலின், பஸ் ஓட்டி ஓய்ந்தவர், அதைப் பார்த்துவிட்டுத் தன் அக்கார்டியன் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிறகு உடம்பு இளைப்பதற்கு முன்னால் போட்ட கால்சட்டைகளை. முதல் மாடி செவ்கி தன் மூன்று மகள்களின் கல்யாண கவுன்களைக் கொண்டுவந்தாள். எட்டு வீட்டு அலமாரிகளும் குட்ருன் வீட்டை நோக்கி நடந்தன. அந்தக் கட்டிடத்துக்கு ஒரே ஏணி, சுவரில் துளை போட ஒரே மிஷின். விற்கவும் ஒரே கணக்கு போதும் என்று எல்லாரும் நினைத்தார்கள். குட்ருனும்தான். ஒரு செண்ட் எடுத்துக்கொள்ளாமல், வந்த பணத்தை உறையில் போட்டு அன்றன்றைக்கே உரியவர் கையில் கொடுத்துவிடுவாள்.

ராபெனாவ் அம்மாள் கடைசியாக வந்தார், படியில் ஆள் நடமாட்டம் தொடங்காத விடிகாலையில். மருந்துக்கடைக்காரரின் விதவை, கையுறை இல்லாமல் தெருவில் இறங்காதவர். கணவரின் நோயோடு கடையும் போய்விட்டது. அவர் பணக்காரர் என்று ஊர் நம்பியது, அவரும் திருத்தவில்லை. அறையைச் சூடாக்கப் பணம் போதாமல் மிருக ரோமக் கோட்டைக் கொண்டுவந்தவர், “யார் காதுக்கும் போகக் கூடாது, சிஸ்டர்” என்றார். போகாது என்றாள் குட்ருன்.

கடைசிக் கோப்பையைக் கட்டும்போதுதான் தபால் வந்தது. வருமான வரி அலுவலகம். வருஷத்தில் முப்பது விற்பனையைத் தொட்டால் விற்பனைத் தளம் எங்களுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது சட்டம். உங்கள் பெயரில் அறுபத்துமூன்று. நீங்கள் பதிவு செய்யாமல் வியாபாரம் நடத்துகிறீர்களா? இல்லையென்றால், விற்றது என்ன, யாருடையது?

வரி எவ்வளவு என்று அவள் யோசிக்கவில்லை. நாற்பத்தொரு வருஷம் ஊராரின் வீட்டுச் சாவிகள் அவள் பையில் கிடந்தன. ஒரு ஸ்பூன் காணவில்லை என்று ஒருவர் சொன்னதில்லை. அந்தப் பெயருக்கு எதிரே ஒரு கேள்விக்குறி விழுந்திருந்தது. பெட்டியை ஓரமாக வைத்தாள். வாங்கியவருக்கு ஒரு வாரம் பொறுக்கச் சொல்லி எழுதினாள்.

“எல்லாம் என்னோடதுன்னு எழுதிடு. யாரு வந்து பாக்கப்போறா?” என்றார் வெண்டலின்.

“மூணு கல்யாண கவுன். கூடாரம் மாதிரி கால்சட்டை ஒன்பது. எந்தப் புருஷனோடதுன்னு கேட்டா உன்னைக் காட்டவா?”

“காட்டு. நான் மாட்டேன்னா சொல்றேன்?”

“மொதல்ல பல்லைப் போட்டுக்கிட்டு வந்து கேளு.”

நோயாளிக் குறிப்பு எழுதுவதுபோல் எழுதினாள்: சாமான், உடையவர், வாங்கிய வருஷம், கையெழுத்து. கதவு கதவாகப் போனாள், எல்லாரும் போட்டார்கள். மூன்றாம் மாடிக் கதவை மட்டும் தட்டவில்லை. அந்தப் பதினேழு சாமான்களுக்கு எதிரே, ‘இந்தக் கட்டிடத்தில் உள்ள இன்னொருவருடையவை, என்னுடையவை அல்ல’ என்று எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் இருந்த பெண்மணி பட்டியலை நிதானமாகப் படித்தார். வீட்டில் புழங்கிய பழைய சாமான், வாங்கியதைவிடக் குறைந்த விலை, இடையில் லாபம் இல்லை. இதற்கு வரி கிடையாது என்றார். ஆனால் ரோமக் கோட்டும் வெள்ளிக் கத்திகளும் ஆளில்லாமல் நிற்கின்றன. பெயர் வராவிட்டால் அவற்றை உங்கள் வியாபாரமாகவே எடுத்துக்கொண்டு விசாரிக்க வேண்டியிருக்கும்.

“விசாரிங்க. பேர் சொல்ல மாட்டேன். என்னோடதுன்னு பொய்யும் எழுத மாட்டேன். யார் வீட்டு அலமாரியில என்ன இருந்துச்சுன்னு நான் வெளியில சொன்னதே இல்ல. அறுபத்தொம்பது வயசுல ஆரம்பிக்கப்போறதும் இல்ல.”

அந்தப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்தார். குட்ருன் வலிக்கிற முழங்காலோடு நிமிர்ந்து நடந்து வீட்டுக்கு வந்தாள்.

வியாழக்கிழமை வெண்டலினுக்குப் படி துடைக்கும் முறை. வாளியும் கையுமாக மூன்றாம் மாடி வரை ஏறியவர், அங்கே வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கலாம். எல்லாரிடமும் குட்ருன் கையெழுத்து வாங்கினாளே, உங்களிடம் மட்டும் ஏன் கேட்கவில்லை என்று ராபெனாவ் அம்மாளிடம் விசாரித்தார். விசாரித்ததோடு, வரிக் கடிதம், வெள்ளிக்கிழமைக் கெடு என்று முழுக் கதையையும் சொன்னார்.

அன்று சாயங்காலம் அடுப்பில் பருப்பு கொதிக்கையில் குட்ருன் வீட்டு மணி அடித்தது. வாசலில் ராபெனாவ் அம்மாள்.

“என்கிட்ட ஏன் கேக்கல, சிஸ்டர்?”

“கேக்கக் கூடாதுன்னுதானே பேச்சு.”

“எனக்காகத் திருடின்னு பேர் வாங்கப் பாத்தீங்களா?”

“திருடி இல்ல, வியாபாரி. கொஞ்சம் கௌரவம்.”

ராபெனாவ் அம்மாள் சிரிக்கவில்லை. “என் பேரைக் காப்பாத்திக்கிறேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். உங்க பேரைப் போட்டுல்ல காப்பாத்தியிருக்கேன்” என்றார்.

கையுறைகளைக் கழற்றினார். பதினேழு இடத்திலும் கையெழுத்துப் போட்டார். கைப்பையிலிருந்து ரசீதுகள் வந்தன. கோட்டுக்கு எழுபத்துநாலாம் வருஷத்து ரசீது, விலை யூரோவுக்கு முந்தைய மார்க்கில், மடிப்புக் கலையாமல். மருந்துக்கடை நடத்திய வீட்டில் காகிதம் தொலையாது. குட்ருன் இரண்டாவது தட்டை வைத்துப் பருப்பும் நூடுல்ஸும் பரிமாறினாள். ராபெனாவ் அம்மாள் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, பட்டப்பகலில், ராபெனாவ் அம்மாள் இறங்கி வந்தார். குட்ருன் கோப்பைப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்து, பேனாவை அவர் பக்கம் தள்ளினாள். அனுப்புநர் இடத்தில் அவர் தன் பெயரை எழுதினார், மருந்துச் சீட்டில் யாரும் தப்பாகப் படித்துவிடக் கூடாது என்று எழுதுகிற எழுத்தில்.

பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார். கீழே வெண்டலின், அது என்ன என்று கேட்டார்.

“என் காப்பிக் கோப்பை. எழுபது யூரோவுக்கு வித்துட்டேன்.”

“நான் எம்பது குடுத்திருப்பேனே.”

“அதை முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

இருவரும் முதலில் வரி அலுவலகம் போனார்கள். அந்தப் பெண்மணி பதினேழு கையெழுத்தையும் ரசீதுகளையும் பார்த்துவிட்டு முத்திரை குத்தி ஃபைலை மூடினார். இனி அவரவர் பெயரில் விற்றுக்கொள்ளுங்கள் என்றார். அடுத்து தபால் நிலையம். ரசீது யார் பெயருக்கு என்று கேட்டார்கள். குட்ருன் ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றாள். ராபெனாவ் அம்மாள் தன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னார், பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி.