கழுகுமலைச் சாலையில் இருபத்தொரு கிலோமீட்டர்

1984 ஜனவரி 21, சனிக்கிழமை. எழுந்தது நாலரை மணி. வழக்கமாக அந்த நேரத்தில் ஆறு கிலோமீட்டர் ஓடிவிட்டு வருவேன். பந்தயத்துக்கு முந்தின நாள் ஓடுவதில்லை என்பதால் அன்று மாடியில் கால் மணி நேரம் நடந்ததோடு சரி. குளியல், இரண்டு தோசை, ஏழு மணிக்கு வேலை. மதுரையில் ஒரு பஞ்சாலையின் டைம் ஆபீஸில் எழுத்தராக இருக்கிறேன். தொழிலாளர்கள் உள்ளே வரும் நேரத்தையும் வெளியே போகும் நேரத்தையும் குறித்துவைப்பது என் உத்தியோகம். வயது நாற்பத்தேழு.

பகல் 12.00. அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சங்கரன்கோவிலில் இளைஞர் மன்றம் ஒன்று மறுநாள் அரை மராத்தான் நடத்துவதாகத் தகவல் வந்திருந்தது. தூரம் 21 கிலோமீட்டர் 100 மீட்டர். நுழைவுக் கட்டணம் ஐந்து ரூபாய். அதை இரண்டு மணி நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பது என் கணக்கு. இந்தக் கணக்குக்கு ஒரு காரணம் உண்டு.

1982இல் எனக்கு நெஞ்சுவலி வந்து பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். எட்டு மாதம் கழித்து, அளவோடு ஓடலாம் என்று டாக்டர் சொன்னார். என் மனைவி சரோஜா சம்மதிக்கவில்லை. “நெஞ்சு பழையபடி ஆகிவிட்டது; முன்பு போல அரை மராத்தானை இரண்டு மணி நேரத்துக்குள் ஓடிக் காட்டுகிறேன்” என்று நான்தான் வாயைவிட்டேன். அவள் அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டாள். “சரி, ஒரே ஒரு தடவை. ரெண்டு மணிக்குள்ள வந்தா ஓடுங்க. வரலேன்னா இதோட விட்டுருங்க. பெறகு நான் பேசமாட்டேன், நீங்களும் பேசக்கூடாது” என்றாள். ஒப்புக்கொண்டேன். பத்து மாதம் பயிற்சி எடுத்தேன்.

1.10க்கு பஸ். திருமங்கலம், கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாக 118 கிலோமீட்டர். கட்டணம் பதினோரு ரூபாய். ராஜபாளையம் வரை வலப்பக்கம் மலையும் தென்னையும் கூடவே வந்தன. அதைத் தாண்டித் தெற்கே போகப் போக மலை எட்ட விலகியது. சங்கரன்கோவில் சேர்ந்தபோது மாலை 4.55. கோவிலுக்குக் கிழக்கே ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன், வாடகை பதினான்கு ரூபாய். பின்தெருவில் தறிச் சத்தம் ஏழரை மணி வரை நிற்கவில்லை.

6.30. மன்றத்தில் பெயர் கொடுத்தேன். தண்ணீர் இரண்டு இடத்தில்தான் கிடைக்கும் என்றார்கள்: ஐந்தாவது கிலோமீட்டர், திரும்பும் இடம். துணியில் எழுதிய எண் 22 எனக்கு வந்தது. எண் 23 வாங்கியவர் கடையநல்லூரில் தையற்கடை வைத்திருக்கும் சாகுல், முப்பது வயதிருக்கும். இருவரும் சேர்ந்து டீ குடித்தோம்.

“மதுரையில ரோடு இல்லையா அண்ணாச்சி? ஓடுததுக்கு இம்புட்டு தூரம் பஸ்ஸுல வாரீய” என்றார்.

அவர் காலில் புத்தம்புதிய வெளிநாட்டு ஷூ. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டார். “மச்சான் துபாய்ல இருந்து அனுப்புனான். ஓடுததுக்கு இல்ல, கடையில போட்டுக்கிட்டு நிக்கதுக்கு. அளவு குடுக்க வாறவன்லாம் என் காலத்தான் பாக்கான். சட்டையப் பாக்க மாட்டேங்கான்.”

எத்தனை மணிக்குள் முடிப்பதாக உத்தேசம் என்று கேட்டார். சொன்னேன். தவறினால் என்ன என்றார். அதையும் சொன்னேன். அதுவரை சிரித்துக்கொண்டே இருந்தவர் டீயை ஆற்றி ஒரு மடக்கு குடித்தார். பிறகு, “இன்ஷா அல்லா ஓடிருவீய” என்றார்.

ஜனவரி 22, ஞாயிறு. காலை 6.15. கழுகுமலைச் சாலை பிரியும் இடத்தில் முப்பத்து நான்கு பேர் நின்றோம். விசில் ஊதினார்கள். ஒரு கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி என்று ஓடினால் இரண்டு மணியில் முடியும். ஊர் எல்லை தாண்டியதும் இரு பக்கமும் கரிசல். பருத்தியும் கொத்தமல்லியும் விதைத்திருந்தார்கள். எதிர்க்காற்று லேசாக இருந்தது.

மூன்றாவது கிலோமீட்டர் கல்லருகே ஆடு மேய்க்கும் ஒருவர் சாலையின் நடுவே வந்து நின்று கையைக் காட்டினார். “எய்யா, நில்லுங்க. யாருக்கும் ஏதும் ஆயிப்போச்சா? ஏன் இப்படி ஓடுதீய?” அந்தப் பக்கத்தில் நரை விழுந்த மனிதன் சாலையில் ஓடினால் துட்டி, அதாவது சாவுச் செய்தி, கொண்டுபோகிறான் என்றுதான் பொருள். “பந்தயம், பந்தயம்” என்று சொல்லிக்கொண்டே விலகி ஓடினேன். “இந்த வயசுலயா?” என்ற கேள்வி முதுகுக்குப் பின்னால் கேட்டது.

ஏழாவது கல். கடிகாரத்தில் 39 நிமிடம் 20 விநாடி. அரை நிமிடம் கையில் இருந்தது. சாலையோரம் ஒரு வேப்பமரத்தடியில் மண்பானையும் குடமும் வைத்துக்கொண்டு இரண்டு பெண்களும் ஓர் ஆணும் நின்றார்கள். பின்னால் சிறிய குடியிருப்பு தெரிந்தது. அதன் பெயர் எனக்குத் தெரியாது. மன்றம் சொன்ன இரண்டு இடங்களில் அது இல்லை. பெண்களில் ஒருத்தி செம்பை நீட்டிக்கொண்டு சாலைக்குள் இரண்டடி வந்தாள். எனக்கு முன்னால் ஓடிய நால்வரும் வேண்டாம் என்று கையை விரித்தார்கள். நானும் அப்படியே உள்ளங்கையைக் காட்டிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே தாண்டினேன்.

திரும்பும் இடத்தில் 59 நிமிடம் 40 விநாடி. இருபது விநாடி மிச்சம். அங்கே இரண்டு மடக்கு தண்ணீர் குடித்தேன். திரும்பியதும் காற்று முதுகுப் பக்கம் வந்தது. அதனால் சுலபமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. பன்னிரண்டாவது கிலோமீட்டரிலேயே வலது கெண்டைக்கால் இறுகியது. நெஞ்சில் வலி ஏதும் இல்லை என்பதை இங்கே குறிக்க வேண்டும். மூச்சும் சரியாகவே இருந்தது. கால்தான் வரவில்லை.

மறுபடி அந்த ஏழாவது கல். 1 மணி 21 நிமிடம் 50 விநாடி. ஏறத்தாழ ஒன்றே முக்கால் நிமிடம் பின்தங்கிவிட்டேன். மீதி ஏழு கிலோமீட்டரை, அதுவரை ஓடியதைவிட வேகமாக ஓட வேண்டும். முடியாது என்று அந்த இடத்தில் தெரிந்துவிட்டது.

வேப்பமரத்தடியில் மூவரும் இன்னும் இருந்தார்கள். ஆனால் இப்போது யாரும் செம்பை நீட்டவில்லை. பானை மூடியிருந்தது. பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த ஆண் என்னைப் பார்த்தபடியே, முன்பு செம்பை நீட்டியவளிடம் சொன்னது காதில் விழுந்தது: “நீ எந்திரிக்காதட்டி. நம்ம தண்ணி உள்ள போனா சாருமாருக்குக் கால் ஓடாது.”

நான் பத்தடி தாண்டிவிட்டேன். அதன் பிறகுதான், நான் விரித்துக் காட்டிய கை அவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்பது எனக்கு உறைத்தது. நின்றேன். திரும்பி நடந்துபோய், “தண்ணி குடுங்கம்மா” என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. “நாங்க காலனிக்காரங்க. தெரிஞ்சுதான் கேக்கீயளா?”

“தெரியாது. குடுங்க.”

எழுந்து வந்து, என் கையில் ஊற்றுவதற்காகச் செம்பைச் சாய்த்தாள். நான் செம்பையே வாங்கிக்கொண்டேன். அண்ணாந்து குடிக்க மூச்சு இடம் கொடுக்கவில்லை. வாய் வைத்துத்தான் குடித்தேன். மூவரும் அதைப் பார்த்தார்கள்.

“மெள்ளக் குடிங்க சார், பொறையேறிரும்” என்றார் அந்த மனிதர். குரலில் முன்பிருந்த கடுப்பு இல்லை.

“எங்க கெணத்துத் தண்ணி உப்பு” என்றாள் அவள். “இது முக்கால் மைலுக்கு அங்கிட்டு இருந்து கொண்டாந்தது. பந்தயம் வருதுன்னு நாலு மணிக்கே போயி எடுத்தோம். முப்பத்து நாலு பேரு போனீய. ரெண்டு பேருதான் வாங்கிக் குடிச்சாவ.”

“நல்ல தண்ணி” என்றேன். செம்பைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். நின்ற நேரம் 1 நிமிடம் 45 விநாடி.

முடித்தபோது 2 மணி 4 நிமிடம் 40 விநாடி. முப்பத்து நால்வரில் இருபத்தாறாவது.

சாகுல் எனக்கு முன்பே வந்து, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு 1 மணி 54 நிமிடம். என் முகத்தைப் பார்த்து நேரத்தைக் கேட்கவில்லை. நானே சொன்னேன், தண்ணீருக்கு நின்றதையும் சொன்னேன்.

“நான் போகும்போதே நின்னு குடிச்சுட்டேன் அண்ணாச்சி” என்றார். “ஓடிக்கிட்டே குடிச்சா செம்ப யாரு திருப்பிக் கொண்டு குடுப்பா?”

10.40க்கு மதுரை பஸ் கிடைத்தது. ராஜபாளையம் வரும்வரை ஒரு வாக்கியம் மனதில் தயாராகிக்கொண்டே இருந்தது: தண்ணீருக்காக நின்றேன், அதனால் நேரம் தவறிவிட்டது. கேட்பவர்கள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளக்கூடிய வாக்கியம். ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. நின்ற 1 நிமிடம் 45 விநாடியைக் கழித்தாலும் 2 மணி 2 நிமிடம் 55 விநாடி. நிற்காமல் ஓடியிருந்தாலும் தோற்றிருப்பேன். இன்னொன்றும் உண்டு. நேரம் தவறிப்போனது தெரிந்த பிறகுதான் நின்றேன். அந்த அரை நிமிடம் அப்போதும் கையில் இருந்திருந்தால் அந்த மனிதர் சொன்னது என் காதில் விழுந்திருக்குமா, விழுந்தாலும் நின்றிருப்பேனா? ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்வரை யோசித்தேன். நின்றிருப்பேன் என்று எழுத எனக்குத் துணிவில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். மதுரையில் யார் வீட்டிலும் தண்ணீர் வேண்டாம் என்று சொன்னால் அது தாகம் இல்லை என்ற செய்தி மட்டுமே. அந்தச் சாலையில் அதே சொல்லுக்கு எடை அதிகம். அந்த எடை முழுவதும் கொடுக்க வந்தவர்கள் தலையில் ஏறுகிறது.

பிற்பகல் 2.35. வீடு. சரோஜா சாப்பாடு எடுத்து வைத்தாள். நேரத்தைச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“வழியில ஏதும் தடங்கலா?” என்று கேட்டாள். ஏதாவது இருந்தது என்று நான் சொன்னால் இன்னொரு தடவை சம்மதித்துவிடுவாள் போலத்தான் அவள் முகம் இருந்தது.

“ஒண்ணும் இல்ல. கால் ஓடல” என்றேன்.

“சரி” என்றாள். பிறகு ரசம் ஊற்றினாள்.

ஜனவரி 23, திங்கட்கிழமை. எழுந்தது நாலரை மணி. அரை மணி நேரம் படுக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்கு, முதல் வேலையாக, பால் வாங்க பூத்துக்குப் போனேன். நடந்து போனேன்.