பச்சையில் போட்ட முறைப்பாடு

எங்கள் கிளினிக்குக்குப் புதிய சிஸ்டம் வந்த முதல் கிழமையில் நான் வாங்கிய ஏச்சு, அதற்கு முந்திய என் சேவைக்காலம் முழுவதிலும் வாங்கியதை விடக் கூட. திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருக்கும் சின்னக் கிளினிக் அது. பிரசர் உள்ளவர்களும் சீனி வருத்தக்காரர்களும் மாதம் ஒருமுறை வந்து டொக்டரிடம் காட்டி, மருந்துக் குளிசை வாங்கிக்கொண்டு போவார்கள். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு. அதாவது, எது பிழைத்தாலும் என்னைத்தான் தேடுவார்கள்.

புதிய சிஸ்டத்தைச் செய்தது கொழும்பில் உள்ள ஒரு கம்பனி. அவர்களுக்கும் எங்கள் ஆட்களுக்கும் நடுவில் நிற்பது என் வேலை. இங்கே உள்ளவர்கள் ஏசுவதை முழுவதும் கேட்டு, ஏச்சைக் கழித்து, மிச்சம் இருக்கும் விசயத்தை ஒரு பட்டியலில் எழுதி அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நிறம் போட வேண்டும். உடனே செய்ய வேண்டியது சிவப்பு, பொறுக்கக்கூடியது மஞ்சள், வெறும் யோசனை பச்சை. நிறத்தைத் தீர்மானிப்பது நான். அந்த அதிகாரம் எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒளிக்காமல் சொல்லலாம்.

முதலில் வந்தவர் டொக்டர். "என்ன இது, எறும்புக்கு எழுதினதோ?" என்று திரையைக் காட்டினார். எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லிச் சிவப்பு போட்டேன். குளிசை கொடுப்பவர், மருந்துகளின் வரிசை மாறிவிட்டது, இப்படியே போனால் தான் இடமாற்றம் கேட்டுப் போய்விடுவேன் என்று மேசையில் தட்டினார். அதற்கும் சிவப்பு. தாதி ஒருவருக்குப் புதிய திரையின் நீலம் தலையிடி தந்தது. மூன்று நாட்கள் விடாமல் சொன்னார். அதையும் சிவப்பாக்கினேன். நீலம் வெள்ளையாகி வந்தது. இப்போது யோசித்தால் சிரிப்பு வரவில்லை.

கவுண்டரில் இருந்தவர் கிண்ணியாவில் இருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு முஸ்லிம் அம்மா. டொக்டர் உட்பட எல்லோரும் அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். நோயாளர் வந்ததும் பெயரைப் பதிந்து நம்பர் துண்டு கொடுப்பது அவர். அவர் கத்தவில்லை. எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு, ஒருநாள் தேநீர் நேரம் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"புதுசு நல்லாத்தான் இருக்கு புள்ள. ஒரு சின்ன விசயம்."

"சொல்லுங்கோ ராத்தா."

"பழைய திரையில கீழ ஒரு பெட்டி இருந்ததெல்லோ, 'ஏனையவை' எண்டு. அது இதில இல்ல."

"அதில நீங்கள் என்ன எழுதினனீங்கள்?"

"வலை எண்டு எழுதுவன்."

எனக்கு விளங்கவில்லை. அவர் விளங்கப்படுத்தினார். நிலாவெளி, இறக்கக்கண்டிப் பக்கம் இருந்து வரும் நோயாளர்களில் சிலர் கரைவலை இழுப்பவர்கள். விடியப்புறம் வலையை வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து இழுக்கத் தொடங்கினால், வலையின் மடி கரைக்கு வந்து மீன் அள்ளும் வரைக்கும் ஒருவரும் கயிற்றை விட ஏலாது. கிளினிக் இருக்கிறது என்று பாதியில் போனால் மற்றவர்களின் முகத்தில் பிறகு முழிக்க முடியாது. அடிக்கடி நின்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். ஆகவே அவர்கள் வேலை முடித்து, கால் மண்ணோடு பஸ் ஏறி, கிளினிக்குக்கு வந்து சேரப் பதினொரு மணியாகும். ராத்தா அவர்களின் பெயருக்குக் கீழே 'வலை' என்று எழுதி, நம்பர் துண்டை எடுத்து வைத்திருப்பார். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒருவரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

புதிய சிஸ்டம் அப்படி இல்லை. ஒன்பது மணிக்குள் பெயர் பதியாதவரை அது தானாகவே 'வரவில்லை' என்று போட்டுவிடும். போட்டால் அன்றைக்கு அவருக்குக் குளிசை இல்லை, வேறு திகதிதான். மூன்று முறை தொடர்ந்து 'வரவில்லை' என்றால் பெயரே பட்டியலில் இருந்து போய்விடும். திரும்பச் சேர வேண்டும் என்றால் ஊர் டிஸ்பென்சரியில் புதுக் கடிதம் வாங்கிக்கொண்டு வர வேண்டும். கம்பனிக்காரரை இதற்குக் குறை சொல்ல முடியாது. புதுநோயாளர் இடமில்லாமல் காத்திருக்கிறார்கள் என்று நாங்களே கேட்டு வாங்கிய விதி அது. புதிய திரை வர முதல், அந்த விதியை மட்டும் இரண்டு மாதம் பரீட்சித்தும் பார்த்தோம். பரீட்சித்தது மாரி காலத்தில். மாரியில் கடல் கொந்தளிக்கும், கரைவலை இல்லை. வலைக்காரர் எல்லோரும் நேரத்தோடு வந்து போனார்கள். வாடைக் காற்று ஓய்ந்து கடல் படுத்த பிறகுதான் ராத்தாவுக்குப் பெட்டி தேவைப்பட்டது.

"ஒராள் இருக்கிறார் புள்ள," என்றார் ராத்தா. "இறக்கக்கண்டி. பிரசர் சரியான கூட. அவருக்குக் குளிசை ஒருநாளும் நிக்கக் கூடாது எண்டு டொக்டர் சொல்லி இருக்கிறார்."

"அப்ப பெட்டி இல்லாட்டி சரியான கஷ்டமோ?"

அவர் என் மேசையில் குவிந்து கிடந்த கடதாசிகளைப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்திருப்பார். காலையில் இருந்து நான் சாப்பிடவில்லை.

"பரவாயில்ல புள்ள. சமாளிக்கலாம்," என்றார்.

எழுத்தில் தரச் சொன்னேன். அழகான எழுத்தில் எழுதித் தந்தார். புதிய முறை மிகவும் நன்றாக இருக்கிறது, சிரமப்பட்டுச் செய்தவர்களுக்கு நன்றி, முடியுமானால் ஒரு சிறிய பெட்டி சேர்த்துத் தந்தால் உதவியாக இருக்கும். இவ்வளவுதான். வலை பற்றி ஒரு சொல் இல்லை, இறக்கக்கண்டிக்காரர் பற்றியும் இல்லை. கொழும்பில் இருந்து ஃபோனில் கேட்டார்கள், இது இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று. சமாளிக்கலாம் என்றேன். பச்சை போட்டேன்.

நான் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். வேறு எவருக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்கள் தங்களுக்கு வசதி குறைந்தால் ஊரைக் கூட்டுவார்கள். இன்னொருவருக்காகக் கேட்கும்போது குரல் இறங்கிவிடும். பெரிய துன்பத்தைச் சின்னதாக்கிச் சொல்வது எங்களுக்கு ஒரு மரியாதை. புயலில் கூரை முழுவதும் பறந்துபோன வீட்டுக்குள் நின்றுகொண்டு, "கொஞ்சம் காத்து அடிச்சது, வேற ஒண்டும் இல்லை" என்று ஃபோனில் சொன்னவர் என் அப்பா. அவர் சொன்னதை நான் நம்பவில்லை, அடுத்த பஸ்ஸில் ஓடிப் போனேன். ராத்தா சொன்னதை மட்டும் அப்படியே நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

ராத்தா சொன்னபடியே சமாளித்தார். வலைக்காரர்கள் வராமலே, காலை எட்டு மணிக்கு அவர்கள் வந்துவிட்டதாகப் பதிந்தார். பதினொரு மணிக்கு அவர்கள் வந்ததும் துண்டைக் கொடுத்து உள்ளே அனுப்பினார். ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அதைக் கெடுத்தவளும் நான்தான். சிலர் மூன்று மணித்தியாலம் காத்திருப்பதாகச் சிஸ்டம் காட்டுகிறது, என்ன நடக்கிறது என்று கொழும்பில் இருந்து கேட்டார்கள். நான் கவுண்டருக்குப் போய், சனங்களுக்கு முன்னாலேயே கேட்டேன்.

"ராத்தா, வராத ஆக்களை வந்ததெண்டு போடக் கூடாது. அது பொய்யெல்லோ."

அந்தச் சொல்லை நான் பாவித்திருக்கக் கூடாது. ஐந்து நேரமும் தொழுகிற மனுசி அவர். முகம் சிவந்துவிட்டது. "சரி புள்ள, இனிப் போடமாட்டன்," என்றார். போடவும் இல்லை.

இறக்கக்கண்டிக்காரரை அதற்குப் பிறகுதான் நான் முதன்முதலாகக் கண்டேன். ஐம்பது வயது இருக்கும். அகன்ற தோள், இடுப்பில் கட்டிய சாரத்தின் கரையில் உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. பதினொரு மணி தாண்டியிருந்தது. கிளினிக் கொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கவுண்டரில் நின்றார். திரையில் 'வரவில்லை' என்று இருந்தது. ஆள் முன்னால் நிற்கிறார், திரை வரவில்லை என்கிறது. ராத்தா என்னைப் பார்த்தார். நான் நல்ல பிள்ளை மாதிரி அவருக்கு விதியை விளங்கப்படுத்தினேன்.

"அண்ணை, அடுத்த முறை எட்டு மணிக்கு வந்திடுங்கோ. ஒன்பது தாண்டினால் சிஸ்டம் எடுக்காது."

"எட்டுக்கு வலை தண்ணிக்குள்ள நிக்கும் தங்கச்சி," என்றார். கோபம் இல்லை. கொப்பியை மடக்கிக்கொண்டு, "சரி, பாப்பம்," என்றார்.

அடுத்த திகதிக்கும் பதினொரு மணிக்குத்தான் வந்தார். அதற்கு அடுத்ததற்கும் அப்படித்தான். மூன்று முறையும் அவர் வந்தார், மூன்று முறையும் வரவில்லை என்று பதிவானது. பிறகு பெயர் போய்விட்டது. கடிதம் வேண்டும் என்று ராத்தா சொன்னபோது தலையை ஆட்டிவிட்டுப் போனாராம். டிஸ்பென்சரியும் காலையில்தான் திறந்திருக்கும். இதை நான் அப்போது யோசிக்கவில்லை. அந்த நாட்களில் நான் கம்பனிக்கு ஒரு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். சிவப்பு எல்லாம் தீர்ந்தது, மஞ்சள் பெரும்பாலும் தீர்ந்தது, பாவனையாளர்கள் திருப்தி என்று எழுதினேன். மேலிடத்தில் இருந்து பாராட்டு வந்தது. எல்லோருக்கும் ரோல்ஸும் தேநீரும் வாங்கிக் கொடுத்தேன். ராத்தாவும் ஒரு ரோல்ஸ் எடுத்தார்.

அவரை முதன்முதலாகக் கண்டு நான்கு மாதம் இருக்கும். ஒருநாள் காலை கவுண்டருக்கு முன்னால் ஒரு முச்சக்கர வண்டி நின்றது. ஒரு பெண்ணும் சாரதியும் சேர்ந்து ஒரு மனிதரை இறக்கினார்கள். வலது கால் இழுபட்டது. வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. தோளைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் கண்டேன். பெண் அவருடைய மனைவி. பெரியாஸ்பத்திரியில் இருந்து கொடுத்த கடிதத்தை ராத்தாவிடம் நீட்டி, நடந்ததை நிதானமாகச் சொன்னார். குளிசை முடிந்து கனநாள். தலையிடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வலைக்குப் போனார். கயிற்றைப் பிடித்தபடியே கரையில் விழுந்துவிட்டார்.

ராத்தா பதிந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

பின்னேரம் டொக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "குளிசை போட்டாலும் சில பேருக்கு இது வரும். நீர் காரணம் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது," என்றார். நல்ல மனுசன், ஆறுதலுக்குச் சொன்னார். ஒருவரும் சொல்ல மாட்டார்கள்தான். ஆனால் பட்டியலைத் திறந்தால் அந்த வரி இருக்கிறது: ஏனையவை பெட்டி, பச்சை, சமாளிக்கலாம். பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்து.

அன்றைக்கே அதைச் சிவப்பாக்கி அனுப்பினேன். இந்த முறை நானே எழுதினேன். வலை என்றால் என்ன, ஏன் கயிற்றை விட ஏலாது, யாருக்கு என்ன நடந்தது எல்லாம் எழுதினேன். கொழும்பில் அதைச் செய்த பெடியன் எனக்கு ஃபோன் எடுத்தான். "இது சின்ன வேலை அக்கா, முதலே சொல்லியிருந்தா முதலே செய்திருப்பன்," என்றான். அடுத்த நாள் மத்தியானத்துக்கு முன் பெட்டி வந்துவிட்டது. அரை நாள் வேலை.

கவுண்டருக்குப் போய் ராத்தாவுக்குக் காட்டினேன். பெட்டியில் ஏதாவது எழுதினால் பின்னேரம் வரை 'வரவில்லை' என்று விழாது என்றேன். சனங்களுக்கு முன்னால் அப்படிக் கேட்டதற்கு மன்னிப்பும் கேட்டேன். "அதை விடுங்க புள்ள," என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிலாவெளிப் பக்கத்துப் பெயர்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒவ்வொன்றுக்கும் கீழே 'வலை' என்று ஒற்றை விரலால் தட்டினார். ஏழெட்டுப் பெயர் போனது. பிறகு இறக்கக்கண்டிக்காரரின் பக்கம் திறந்தது. ராத்தா கையை எடுத்துவிட்டார். நான் கீபோர்டைப் பக்கமாக இழுத்து எழுதப் போனேன்.

"இவருக்கு வேணாம் புள்ள," என்றார் ராத்தா. "இவர் இனி எட்டு மணிக்கு முதலே வந்துடுவார்."