நில்டாவும் இடப்பக்கம் வெட்டும் சிவப்புக் காரும்

அர்ஜென்டினாவின் பால்கார்சே ஊரில் வீல் அலைன்மென்ட் பார்க்க இரண்டு கடைகள் உண்டு. ஒன்றில் திட்டு வாங்காமல் வேலை முடிந்துவிடும். இன்னொன்று நில்டா அர்ரியேத்தாவின் கடை. அப்படியும் ஜனங்கள் நில்டாவிடம்தான் போவார்கள். ஸ்ப்ரிங்கை வெட்டி வண்டியைத் தரையோடு தரையாக இறக்கிக்கொண்டு எவனாவது வந்தால் போச்சு. "ஏண்டா, இது காரா, கரப்பான்பூச்சியா? முழு ஸ்ப்ரிங்கை மாட்டிட்டு வா, அப்புறம் பேசலாம்!" என்று வாசலிலேயே விரட்டிவிடுவாள்.

உருளைக்கிழங்கு விவசாயியின் மகள். பத்தொன்பது வயதில் கல்யாணம் ஆன கையோடு புருஷனுக்குத் துணையாகப் பட்டறைக் குழிக்குள் இறங்கினாள். அந்த மகராசன் இருபது வருஷத்துக்கு முன் ஸ்பெயினுக்கு வேலை தேடிப் போனவன், வேலையோடு வேறு குடும்பத்தையும் தேடிக்கொண்டான். நில்டா குழியை விட்டு ஏறவில்லை. "அவன் போனா என்ன, ஜாக்கி இருக்கில்ல" என்பாள். அழுதாளா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் கையில் இருக்கும் ஸ்பேனர் பறந்து வரும்.

அந்த வியாழக்கிழமை காலையில், ஊரே 'தோன்' என்று மரியாதையாக அழைக்கும் எவரிஸ்தோ லுசேரோ நான்காவது தடவையாக வந்தார். ஓய்வுபெற்ற நில அளவையாளர், எழுபத்தாறு வயது. அவருடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அவர் இளவட்டமாக இருந்தபோது வாங்கியது. உள்ளூர்ப் பட்டறையில் கட்டிய, ரெண்டு பேர் மட்டும் உட்காரும் வண்டி.

"மறுபடியுமா?" என்றாள் நில்டா.

"மறுபடியும்தான், பொண்ணே." அறுபதைத் தொட்டவளைப் பொண்ணே என்று கூப்பிட ஊரில் அவர் ஒருத்தருக்குத்தான் தைரியம். "மேடுபள்ளத்துல ஏறி இறங்கினா இடப்பக்கமா வெட்டுது. நான் திருப்பல. அதுவா திரும்புது."

நில்டாவுக்கு உள்ளே சுருக்கென்றது. காரணம் இருந்தது. மூன்று தடவை வண்டியை மெஷினில் ஏற்றிப் பார்த்தாள், மூன்று தடவையும் அளவு துல்லியம். மூன்றாம் தடவை அவர் இங்கேதான் சுரைக்குடுக்கையில் மாத்தே இலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். குடுக்கையைப் பிடித்திருந்த கை லேசாக நடுங்கியது. இவளுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! "வண்டியில ஒண்ணுமில்ல. முதல்ல உங்க கையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டாள். பக்கத்தில் அவர் மகள் மிர்த்தா நின்றிருந்தாள்.

அந்தக் குடும்பத்தில் அது சாதாரணப் பேச்சில்லை. எவரிஸ்தோவின் அண்ணன் நடுக்கு வியாதியில் போனவர். முதலில் கோப்பை நடுங்கியது, ஐந்து வருஷத்தில் ஆளே முடங்கிவிட்டார். மிர்த்தா பயந்துபோய் வண்டியை விற்க ஏற்பாடு செய்துவிட்டாள். சனிக்கிழமை மார் தெல் ப்ளாத்தாவிலிருந்து ஆள் வருகிறான்.

"விக்கிறதுக்கு நான் மாட்டேன்னு சொல்லல," என்றார் எவரிஸ்தோ. "கோளாறு வண்டியா, நானா, அது தெரிஞ்சா போதும். நான்தான்னா அவனுக்கு நல்ல வண்டி கிடைக்குது, சந்தோஷம். வண்டின்னா, வாங்குறவன் எங்கயாவது போய் மோதிச் சாவான். தெரியாம எப்படிக் குடுக்கறது?"

நில்டா கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க. நீங்க பக்கத்துல உக்காருங்க."

நெடுஞ்சாலையில் வண்டி வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போனது. அப்புறம் லோபெரியா போகும் பழைய ரோட்டில் திருப்பி, அந்த நாட்டு வழக்கப்படி வலது ஓரமாக ஓட்டினாள். அறுவடைக் காலத்து உருளைக்கிழங்கு லாரிகள் கடித்துத் துப்பிய ரோடு அது. முதல் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறியதும் ஸ்டியரிங் அவள் கையிலேயே துள்ளியது. வண்டி சடாரென்று இடப்பக்கம் பாய்ந்தது. எதிரே லாரி.

"ஐயோ, கன்னி மாதாவே!"

ஒடித்துத் திருப்பி ஓரங்கட்டினாள். லாரிக்காரன் அவள் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே போனான்.

"பொண்ணே," என்றார் எவரிஸ்தோ. "என் கை ரெண்டும் மடியிலதான் இருக்கு."

திரும்பி வந்ததும் அவரை வெளியே வெயிலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். தனியாக யோசித்தாள். மெஷின் பார்ப்பது நிற்கிற வண்டியை. நிற்கும்போது இது யோக்கியம். சக்கரம் மேலே ஏறும்போது என்ன பண்ணுகிறது? முன்பக்க ஸ்ப்ரிங் இரண்டையும் கழற்றினாள். சக்கரத்துக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்து அங்குலம் அங்குலமாகத் தூக்கி அளந்தாள். வலது சக்கரம் நேராக ஏறியது. இடது சக்கரம் ஏற ஏற மூக்கை வெளியே திருப்பியது. ஸ்டியரிங்கை யாரும் தொடவே இல்லை.

டார்ச்சோடு குழிக்குள் இறங்கினாள். முன்சக்கரங்கள் இரண்டையும் திருப்புகிற குறுக்கு ஸ்டியரிங் தண்டை இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டுப் பிடித்திருந்தது. வலது கிளாம்புக்கு அடியில் உள்ளங்கை நீளத்துக்கு, விரல் தடிமனில் ஒரு அலுமினியத் தகடு, இரண்டு ஓட்டையோடு. இடது கிளாம்புக்கு அடியில் தகடு இல்லை. அந்தப் பக்கம் தண்டு ஒரு விரல் தாழ்ந்து உட்கார்ந்திருந்தது; அதனால்தான் மேடேறும்போது சக்கரம் தானாகத் திரும்பியது.

தண்டைக் கடைசியாகக் கழற்றியது யார்? ஏப்ரலில், கிழிந்த ரப்பர் உறையை மாற்ற, இவளேதான்.

இரண்டு ஓட்டை போட்ட தகடு. எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று மேலே ஏறி வந்தவள் மேசையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கெட்டில் அந்தத் தகட்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

அன்றைக்குத் தகடு கையில் இருந்தபோது கெட்டில் முனக ஆரம்பித்தது. மாத்தேக்குத் தண்ணீர் கொதித்துவிட்டால் கசந்துபோகும், தூரத்தான் கொட்டணும். விழுந்தடித்து ஓடி அடுப்பை அணைத்து, கெட்டிலை இறக்கி, கையில் இருந்ததை அடியில் கொடுத்தாள். ஏழு மாசம். அந்தத் தகட்டுக்குப் பக்கத்திலேயே அவரை உட்காரவைத்து, அதே தண்ணீரை ஊற்றிக் கொடுத்து, உங்க கையைப் பாருங்க என்று சொல்லியிருக்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

தகட்டைத் துடைத்து மாட்டப் பத்து நிமிஷம். சரி பண்ணிட்டேன் என்றால் தீர்ந்தது, ஒரு ஈ காக்காய்க்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பும் அவளுக்கு வராமல் இல்லை. வந்தது, கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு சுடச்சுடத் தகட்டைத் துணியில் பிடித்து வெளியே எடுத்துப் போனாள். அப்பாவைக் கூட்டிப்போக மிர்த்தாவும் வந்திருந்தாள். அதுவும் நல்லதுக்குத்தான்.

"இது உங்க வண்டியோடது, தோன் எவரிஸ்தோ. ஏழு மாசமா என் கெட்டிலுக்கு அடியில கிடந்திருக்கு. திரும்ப மாட்ட மறந்தது நான்தான். உங்க கையில்ல. என் கை."

மிர்த்தா தகட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. "நீ சொன்ன அன்னியிலேர்ந்து எங்கப்பா எங்க முன்னாடி சூப் குடிக்கறதில்ல, தெரியுமா? தட்டைத் தூக்கிக்கிட்டு சமையலறைக்குப் போயிடறாரு. தெரியுமா உனக்கு?"

"தெரியாது," என்றாள் நில்டா. ஊரையே திட்டுகிற வாய், வாங்கிக்கட்டிக்கொண்டு நின்றது.

எவரிஸ்தோ தகட்டைத் துணியோடு வாங்கிப் புரட்டிப் பார்த்தார். கறுப்பாக வட்டம் விழுந்திருந்தது. "விடும்மா, மிர்த்தா. கை நடுங்கறது நிஜந்தானே. அதுக்கு டாக்டர்கிட்ட போவோம். ஆனா வண்டியைத் திருப்பினது அது இல்ல." பிறகு நில்டாவைப் பார்த்தார். "தண்ணி சூடா இருக்கா, பொண்ணே? இல்ல, பேசிப் பேசியே ஆற விட்டுட்டியா?"

நில்டா உள்ளே ஓடி மாத்தே ஊற்றிக்கொண்டு வந்தாள். அவர் வாங்கினார். குடுக்கை நடுங்கி, இரண்டு சொட்டு கால்சட்டையில் சிந்தியது. மகள் பார்த்துக்கொண்டிருக்க, அங்கேயே உட்கார்ந்து கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிக் குடித்தார்.

தகடு அன்றைக்கே வண்டியில் ஏறிவிட்டது, கெட்டில் இப்போது ஒரு செங்கல் மேல் இருக்கிறது. சனிக்கிழமை அந்த மார் தெல் ப்ளாத்தா ஆள் வந்து கதவைத் தட்டியபோது மிர்த்தாதான் திறந்தாள்.

"மன்னிச்சுக்கங்க, வண்டி விக்கறதுக்கில்ல," என்றாள். "வீட்டுலயும் இல்ல. எங்கப்பா லோபெரியா ரோட்டுல ஓட்டிட்டுப் போயிருக்காரு."