ஆவியிடம் சொல்லிக்கொண்டு போனவன்

நாற்பதைத் தாண்டிய பொம்பளை செல்போனில் வாளைத் தூக்கிக்கொண்டு பூதம் வெட்டுகிறாள் என்று அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. பேசட்டும். நாள் முழுக்க ஊரார் ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைக்கிறவளுக்குச் சாயங்காலம் நாலு பூதத்தையாவது வெட்டினால்தான் மனசு ஆறும். அந்த விளையாட்டை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் பந்தல்குடியில் என் பிறந்த வீட்டுக்கு எதிர்வீட்டுத் தம்பி. இப்போது குவைத்தில் டிரைவராக இருக்கிறான். அவனுடைய அம்மா காய்ச்சிய நோன்புக் கஞ்சியைக் குடித்து வளர்ந்தவர்கள் நானும் என் அண்ணனும்.

அந்த விளையாட்டில் சாவுக்கென்று ஒரு முறை இருக்கிறது. வெட்டுப்பட்டுச் செத்தால் உடம்பு விழுந்த இடத்திலேயே கிடக்கும். உயிர் மட்டும் வெள்ளைப் புகையாக ஊர் எல்லையில் ஒரு கல்லுக்குப் பக்கத்தில் போய் எழும்பும். அதன் கண்ணுக்கு உலகமே சாம்பல் நிறம்தான். பூதங்கள் அதைச் சீண்டாது. உயிரோடு இருப்பவர்கள் பேசுவது அதற்குக் கேட்கும், அது பேசுவது யாருக்கும் கேட்காது. கல்லிலிருந்து ஓடிப்போய்த் தன் உடம்பைத் தொட்டால் எழுந்துவிடலாம். தாமதித்தால் உடம்பு மங்கி மறைந்துபோகும், அந்த ஆள் கதை அதோடு முடிந்தது. ஆனால் கூட்டாளி ஒருவர் உடம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வரைக்கும் அது மறையாது.

போன தையில் காய்ச்சலில் படுத்த என் மதினி எழுந்திருக்கவே இல்லை. அவருக்கும் அண்ணனுக்கும் பிள்ளை கிடையாது. தூத்துக்குடி ரோட்டில் இருக்கும் பஞ்சர் கடையின் ஷட்டரை அன்றைக்கு இறக்கிய அண்ணன் பிறகு ஏற்றவே இல்லை. லாரிக்காரர்கள் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் ஞாயிறுதோறும் பந்தல்குடிக்குப் பஸ் ஏறிப் போய் ஆக்கிப் போட்டுவிட்டு வருவேன். போன வாரம் வைத்த குழம்பில் பாதி அப்படியே இருக்கும். கோபம் வரும், திட்டுவேன். அவர் காதில் விழாது. மதினி பின்னாலேயே இவரும் போய்விடுவார் என்று எனக்கு நடுக்கமாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது "போயிட்டு வாரேன்" என்று சொல்லக் கூடாது. சொன்னால் சாவு மறுபடி அந்த வாசலுக்கு வரும் என்று பயம். பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். காரியமெல்லாம் முடிந்து மாதங்கள் ஆன பிறகும் அண்ணன் வீட்டிலிருந்து எல்லோரும் அப்படித்தான் போனார்கள். கூடப் பிறந்த நானும் அப்படித்தான் போனேன். அவர் உட்கார்ந்திருந்த இருப்பைப் பார்த்தால் யாருக்கும் வாய் வராது.

ஒரு ஞாயிறு மத்தியானம், வேறு வழி தெரியாமல், அவர் போனிலும் அந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்தேன். ஏதோ தங்கச்சி சொல்கிறாளே என்று வாங்கிக்கொண்டார். வந்த முதல் பூதமே அவரை வெட்டிப் போட்டது. கல்லுக்குப் பக்கத்தில் புகையாக எழும்பியவர் உடம்பைத் தேடி ஓடவில்லை. மெதுவாக நடந்துபோய் ஒரு கண்மாய்க் கரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிச்சு ஓடுண்ணே. ஒடம்பு மறைஞ்சிரும்."

"இருக்கட்டும் பாப்பா. இதுவே நல்லாத்தான் இருக்கு. சாப்பிட்டியா, கடையத் தொறந்தியான்னு யாரும் வந்து கேக்க மாட்டாக."

பூதத்தை வெட்டி ஆறுதல் தேடச் சொன்னால் மனுஷர் பூதத்திடம் போய் ஆறுதல் தேடிக்கொண்டார். அதன்பிறகு ஞாயிறுதோறும் இதே கதை. வேண்டுமென்றே வெட்டு வாங்குவார், கண்மாய்க் கரைக்குப் போவார். நானும் குவைத்துத் தம்பியும் அவர் உடம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். பொம்மை உடம்புதான். இருந்தாலும் அதை மறையவிட்டுப் பார்க்க எங்கள் இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை.

அப்படி இருந்த ஒரு நாள் தம்பி விளையாட்டு மைக்கில் குரல் கொடுத்தான். "அண்ணே, டூட்டிக்கு நேரமாச்சு. நான் போயிட்டு வாரேண்ணே."

என் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்த அண்ணன் நிமிர்ந்தார். "என்னலே சொல்ற? செத்த எடத்துல ஒக்காந்துக்கிட்டு எவனாச்சும் போயிட்டு வாரேன்னு சொல்லுவானா?"

ஆவி பேசுவது குவைத்துக்கு எப்படிக் கேட்கும்? தம்பி இன்னும் சத்தமாகச் சொன்னான். "அண்ணே, கேக்குதா? போயிட்டு வாரேன்!"

"திரும்பவும் சொல்றான் பாரு! பாப்பா, அவன்கிட்டச் சொல்லு."

ஃபேன் இரைச்சலுக்காக நான் என் மைக்கை எப்போதும் அணைத்தே வைத்திருப்பேன். அதைத் தட்டிவிட்டு நானே சொல்லியிருக்கலாம். சொல்வேனா?

"நீயே சொல்லுண்ணே. எந்திரிச்சாத்தான் அவனுக்குக் கேக்கும்."

"இரு, வாரேன்" என்று அண்ணன் கட்டைவிரலை அழுத்தினார். கண்மாய்க் கரையிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. ஓடத் தெரியாமல் பாறையில் முட்டி, வழி தவறி, மறுபடி திரும்பி ஓடி வந்தது. பஞ்சர் ஒட்டும் கைக்கு அந்தச் சின்னத் திரை பிடிபடவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். உடம்பைத் தொட்டதும் அவர் திரையில் புல் பச்சையானது.

"ஏலே, ஒனக்கு அறிவு இருக்கா? எழவு எடத்துல சொல்ற பேச்சா அது?"

"அண்ணே! வந்துட்டீகளா?" என்றான் தம்பி. "எனக்கு அது தெரியாதாண்ணே? மதினி போன அன்னைக்கு எங்கம்மா சொல்லாமத்தானே எந்திரிச்சு வந்தாக. மதினிதாண்ணே போனாக. நீங்க சாகலையேண்ணே. அதான் சொல்லிட்டுப் போவோம்னு சொன்னேன்."

அண்ணன் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அழ ஆரம்பித்தார். மதினி போன அன்றைக்குக்கூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. அவர் மைக்கையும் அணைத்துவிட்டு நானும் அழுதேன். நாங்கள் அழுவது தெரியாமல் குவைத்திலிருந்து, "அண்ணே, நெட்டு போயிருச்சா?" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

அன்று சாயங்காலம் அண்ணன் தானாகவே தட்டைப் போட்டு உட்கார்ந்தார். குழம்பில் உப்புக் கம்மி என்று குறைகூடச் சொன்னார். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வழக்கம்போல நான் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

"பாப்பா."

திரும்பினேன். அண்ணன் வாசலில் நின்றிருந்தார்.

"என்ன, ஒம்பாட்டுக்குப் போற? சொல்லிட்டுப் போகணும்னு தெரியாதா? இது என்ன சாவு வீடா?"

"போயிட்டு வாரேண்ணே" என்றேன்.

"ம். அடுத்த வாரம் வர்றப்ப நேரா கடைக்கு வந்துரு. நான் வீட்டுல இருக்க மாட்டேன்."