மூக்கு பிடித்த பிடி

எங்கள் கம்பெனியில் அவளை எல்லோரும் மூக்கு என்றுதான் கூப்பிடுவோம். வினைல் குழாய் செய்யும் மிஷினில் சூடு கொஞ்சம் ஏறினால் போதும், எங்களுக்குக் கண் எரியும் முன்பே அவள் மோப்பம் பிடித்துவிடுவாள்.

முன்பு அந்த மிஷினில் நின்றவன் அவள் புருஷன். மிஷினை நிறுத்தும்போது, உள்ளே கிடக்கும் வினைலை வேறு பிளாஸ்டிக் போட்டுத் தள்ளி வெளியேற்றிவிட வேண்டும். சூட்டிலேயே கிடந்தால் கருகி அமிலப் புகை கக்கும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மேனேஜர், "எதுக்கு மெட்டீரியலை வீணாக்குற? அப்படியே கிடக்கட்டும், ஒண்ணும் ஆகாது" என்றார். சாப்பிட்டு வந்து மிஷினைத் திறந்தவன் முகத்தில் புகை அடித்தது. நெஞ்சு வெந்துபோய், இன்று மாடிப்படி ஏறினாலே சுவரைப் பிடிக்கிறான்.

அந்தப் படுபாவி மேனேஜர் என்ன செய்தார் தெரியுமா? "நான் சொன்னதைக் கேக்காம அவனேதான் சூட்டோட விட்டுட்டுப் போனான்" என்று முதலாளியிடம் கூசாமல் பழி போட்டார். நோயைவிட அந்தப் பழிதான் அவனை அரித்தது. அவன் வேலையை இவள் கேட்டு வாங்கினாள்.

"ஏண்டி அந்த எமன் வாயிலயே போய் நிக்கிற?" என்று கேட்டேன்.

"அந்தாள் வாயால உண்மை வரணும்க்கா. அதுவரைக்கும் நிப்பேன்."

முதலாளி சுற்றிப் பார்க்க வந்த அன்று மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் முதலாளி முன்னால் நடந்தார்.

"தள்ளி காலி பண்ணிடவா சார்?" என்றாள்.

"உன் புருஷன் மாதிரி ஆரம்பிக்காத. அப்படியே விட்டுட்டுப் போ."

"சரி சார்."

அவள் இவ்வளவு பணிந்து நான் பார்த்ததேயில்லை.

முதலாளியோடு திரும்பி வந்தபோது மிஷின் முனையில் வினைல் பழுப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது. எங்களை எல்லாம் கதவோரம் நிறுத்திவிட்டு, முதலாளிக்கு முகமூடி கொடுத்தாள்.

"என்ன வாடை இது?" என்றார் முதலாளி.

"ஒண்ணுமில்ல சார், எப்பவும் வர்றதுதான்" என்றார் மேனேஜர்.

"அப்ப நீங்களே திறந்து காட்டுங்க சார்" என்றாள் மூக்கு.

"திறங்களேன்" என்றார் முதலாளியும்.

மேனேஜர் கை நீண்டது, பாதியிலேயே திரும்பி வந்தது. "வேணாம் சார். இப்படிச் சூட்டுல கிடந்ததைத் திறந்தா நெஞ்சு வெந்துடும்."

"இது உங்களுக்கு அன்னைக்கும் தெரியுமா சார்?" என்றாள் மூக்கு.

மேனேஜர் முகம் செத்துப்போனது. "தெரியும்."

"இன்னைக்கு என்கிட்ட சொன்ன மாதிரியே அன்னைக்கு எங்க வீட்டுக்காரர்கிட்ட அப்படியே விடச் சொன்னது யாரு?"

"நான்தான்."

அதற்குப் பிறகுதான் சூட்டை அணைத்து, புகை இழுக்கும் விசிறியைப் போட்டு, எங்களை வெளியே அனுப்பினாள். முதலாளி அங்கேயே மேனேஜரின் சீட்டைக் கிழிக்கப் பார்த்தார்.

"வேலையை விட்டு அனுப்பாதீங்க சார். எங்க வீட்டுக்கு அனுப்புங்க" என்றாள்.

மேனேஜர் போனார். உட்காரச் சொல்ல ஆளில்லை. நின்றபடியே, தப்பு தன்னுடையதுதான் என்று அவள் புருஷனிடம் சொன்னாராம்.

"இப்பவாவது மனசு ஆறிச்சாடி?" என்று மறுநாள் கேட்டேன்.

"எங்க ஆறுது? எங்க வீட்டுக்காரருக்குச் சரியா காதுல விழலையாம்க்கா. இன்னைக்கும் வந்து சொல்லச் சொல்லியிருக்கேன்."