குமிழி வராத கையுறை

ஒட்டுசுட்டானில் எங்கள் பஸ்ஸுக்கு ரயர் மாற்றுகிறார்கள். வெயிலுக்குச் சைக்கிள் கடையில் ஒதுங்குகிறேன். என்னோடு பஸ்ஸில் வந்த அம்மா ஒருவர் பையிலிருந்து இரண்டு சோடிக் கையுறை எடுக்கிறா. வவுனியாவில் பழைய உடுப்புக் குவியலில் பொறுக்கியதாம். அடுத்த மாதம் கனடாவுக்கு, மகளிடம் போகிறா.

"பேரப்பிள்ளையளோட ஸ்னோவில சறுக்கி விளையாடோணும். கை நனைஞ்சால் விறைச்சுப்போகுமாம்."

எனக்கு மூன்று தரம் விசா மறுத்த நாடு அது.

கடைக்காரர் ரியூப்பில் ஓட்டை பார்க்கும் தண்ணீர்ச் சட்டிக்குள், கையுறையின் வாயை இறுக்கிப் பிடித்து அம்மா அமத்துகிறா. கம்பளிச் சோடி குமிழி குமிழியாய் விடுகிறது. தடித்த சோடியை அமத்துகிறா. ஒரு குமிழியாவது வராதா என்று குனிந்து பார்க்கிறேன். வரவில்லை.

"தம்பி, உள்ளுக்கு ஈரமோ எண்டு ஒருக்காக் கைவிட்டுப் பாருங்கோ."

விடுகிறேன். இதமான சூடு. பொட்டு ஈரமில்லை.

"கொஞ்சம் ஈரம்தான் அம்மா" என்கிறேன்.

அவா தன் கையை விட்டுப் பார்க்கிறா. பிறகு வியர்த்திருக்கும் என் உள்ளங்கையைப் பிடித்துத் தடவிப் பார்க்கிறா.

"ஈரம் உங்கட கையில, தம்பி" என்றுவிட்டு, தடித்த சோடியைப் பைக்குள் வைக்கிறா.