‘இல்லை’ என்று எழுதிய கட்டம்

போன வாரம் பாறசாலையில் ஒரு பத்திரம் பதியப் போனேன். பெருவிரலில் ஒட்டிய ஊதா மையின் வாசனை, சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. உங்களுக்கு அந்த வாசனையில் பள்ளிக்கூடம் ஞாபகம் வரலாம். எனக்கு எங்கள் இன்சூரன்ஸ் ஏஜென்டுகள் சங்கத்தின் முத்திரைதான் வரும்.

நெய்யாற்றின்கரையில் ஒரு தையல்கடைக்கு மேலே வாடகை அறை. நான் அப்போது செயலாளர். பெரிய தகுதி ஒன்றுமில்லை, மலையாளத்தில் கையெழுத்து நன்றாக இருக்கும், அவ்வளவே. முத்திரை கைக்கு வந்த வாரம் டீக்கடைச் சீட்டில்கூடக் குத்திப் பார்த்தவன் நான்.

பெஞ்சின் ஓரத்தில் உட்காருபவர் செங்கல் என்ற ஊரைச் சேர்ந்த தங்கபாய் அக்கா. படிவத்தின் கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்துக் கேட்டு எழுதுகிற ஒரே ஏஜென்ட். நாங்கள் சிரிப்போம். நோய் உண்டா என்ற கட்டத்தில், ஆளின் முகத்தைக்கூடப் பார்க்காமல் ‘இல்லை’ என்று எழுதிப் பழகியவர்கள் நாங்கள்.

ஒற்றசேகரமங்கலத்துக் கொத்தனார் தாசன், பாலிசி எடுக்கும்போது, நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததை அக்காவிடம் சொல்லிவிட்டார். அதை எழுதினால் படிவம் திரும்பி வரும். என்ன செய்வதென்று அக்கா என்னிடம் கேட்டார்.

“இல்லேன்னு எழுதுங்க அக்கா. ஒரு கொழப்பமும் வராது” என்றேன். எழுதினார்.

இரண்டு வருடம் நிறையுமுன் தாசன் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தார். விசாரணைக்கு வந்தவர் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைக் கண்டுபிடித்தார். நோயை மறைத்தார் என்று கம்பெனி கைவிரித்தது. ஊரும் தாசனைக் கள்ளன் என்று பேசியது. அவர் மனைவி லில்லி, தங்கபாய் அக்காவின் வீட்டுக்கு வந்தாள்; சண்டை போடவில்லை.

“அவரு எல்லாம் சொன்னாருல்லா அக்கா? நானும் நின்னு கேட்டேன்” என்று மட்டும் கேட்டாளாம்.

அக்கா சங்கத்துக்கு வந்தார். தாசன் சொன்னது உண்மை, மறைத்தது தான்தான் என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொல்லி, சங்கம் தன்னோடு நிற்க வேண்டும் என்று கேட்டார். தெரிந்த நோயை மறைத்த ஏஜென்டின் லைசென்ஸ் போகும் என்பது விதி. ஒருத்தர் ஒப்புக்கொண்டால் எல்லோருடைய படிவத்தையும் தோண்டுவார்கள் என்றார் தலைவர். யாரும் அக்காவைப் பார்க்கவில்லை.

“சங்கம் வேண்டாமெங்கி வேண்டாம். எனக்க எழுத்தாக்கும் அது” என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

அவரை நீக்கக் கை தூக்கினோம். நானும் தூக்கினேன். தீர்மானத்தை அழகாக எழுதி, முத்திரையைக் கோணாமல் குத்தினேன்.

அக்காவின் லைசென்ஸ் போயிற்று. படிவத்தில் உள்ள கையெழுத்து தாசனுடையது என்று கம்பெனி அப்போதும் பணம் தரவில்லை. அக்காவின் கடித நகலை லில்லி பையில் வைத்துக்கொண்டு, புருஷனைப் பழித்தவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினாள். அவளுக்குக் கிடைத்தது அதுதான். அக்கா காரக்கோணத்தில் ஒரு விடுதிச் சமையலுக்குப் போனார். பஸ்ஸில் பார்த்தால், “சுகம்தானா மக்கா?” என்று கேட்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்தக் கடிதத்தின் நகல் ஒன்று சங்கத்துக்கும் வந்திருந்தது. அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் பிரித்தேன். யாரும் சொல்லித்தராமல், நானாகவே எழுதினேன் என்று இருந்தது.

என் லைசென்ஸ் அதன்பிறகு எத்தனையோ தடவை புதுப்பிக்கப்பட்டது. ஆளுக்கொரு கம்பெனியாகப் பிரிந்து சங்கம் கலைந்தது. ரோட்டை அகலப்படுத்தியபோது தையல்கடைக் கட்டடமும் போனது. சென்ற மழைக்காலத்தில் அக்கா இறந்தார். ‘இல்லேன்னு எழுதுங்க’ என்று நான் சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் இப்போது உலகத்தில் இல்லை.